செய்திகளில் புவியியல்

செய்திகளில் புவியியல் என்பது, நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி, இணையம் முதலிய ஊடகங்களில் வெளியாகும் நடப்புச் செய்திகளில் அடங்கியுள்ள இடம் சார்ந்த தகவல்களை அடையாளம் கண்டு, அவை அந்நிகழ்வுகளோடு எவ்வாறு தொடர்புபடுகின்றன என்று பகுத்தாயும் முறையைக் குறிக்கும். இது தனியானதொரு அறிவியல் துறை அன்று. புவியியலின் அடிப்படைக் கருத்துருக்களை அன்றாடச் செய்திகளின்மீது பொருத்திப் பார்க்கும் ஒரு வாசிப்பு முறையும் கற்றல் முறையும் ஆகும். பல நாடுகளின் பாடசாலைகளில் இது புவியியல் பாடத்தின் ஒரு பயிற்சியாகக் கையாளப்படுகின்றது.

செய்தியில் வரும் ஊர்ப் பெயரைப் பெரும்பாலான வாசகர்கள் ஒரு முகவரியாக மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர். ஆனால், ஒரு நிகழ்வு ஏன் குறிப்பிட்ட இடத்தில் நிகழ்ந்தது, அதன் விளைவு எவ்வளவு தொலைவுக்குப் பரவும், அதனால் யார் பாதிக்கப்படுவர் ஆகிய வினாக்களுக்கான விடையின் ஒரு பகுதி அவ்விடத்திலேயே அடங்கியுள்ளது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே நிலநடுக்கம் ஏற்பட்டது என்ற தகவல் வெளியானதற்கும், ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழகக் கரையையும் அடைந்ததற்கும் இடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது. புவியியல் நோக்கில் செய்தியைப் படிப்பது வெறும் பொது அறிவுப் பயிற்சி அன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

அடிப்படைக் கருத்துருக்கள்

ஐக்கிய அமெரிக்காவில் புவியியல் ஆசிரியர்களினதும் புவியியலாளர்களினதும் அமைப்புக்கள் இணைந்து 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்வி வழிகாட்டி, புவியியலை ஐந்து கருப்பொருள்களாக வகுத்தது. செய்திகளைப் பகுத்தாய்வதற்கு ஆசிரியர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சட்டகம் இதுவே ஆகும்.

* அமைவிடம்: நிகழ்வு எங்கே நிகழ்ந்தது? அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றால் குறிக்கப்படுவது தனி அமைவிடம். பிற இடங்களைக் கொண்டு குறிக்கப்படுவது சார்பு அமைவிடம்.
* இடம்: அவ்விடத்தின் இயற்கை, மனிதப் பண்புகள் யாவை? நில அமைப்பு, காலநிலை, மொழி, தொழில், குடியிருப்பு முதலியன இதனுள் அடங்கும்.
* மனிதருக்கும் சூழலுக்கும் இடையிலான ஊடாட்டம்: மக்கள் அச்சூழலை எவ்வாறு மாற்றியுள்ளனர்? சூழல் அவர்களுடைய வாழ்வை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றது?
* நகர்வு: மக்கள், பொருள்கள், நீர், நோய், கருத்துக்கள் ஆகியன எங்கிருந்து எங்கே, எவ்வழியாகச் செல்கின்றன?
* பிரதேசம்: அவ்விடம் எந்தப் பரந்த நிலப்பகுதியின் உறுப்பு? அப்பகுதியின் எல்லையை வகுப்பது மொழியா, ஆற்று வடிநிலமா, அரசாட்சியா?

இவற்றோடு, ஒரு நிகழ்வை ஊர், மாவட்டம், நாடு, உலகம் ஆகிய மட்டங்களில் எதில் வைத்து நோக்குவது என்பதும் முக்கியமானது. ஒரு தெருவில் வெள்ளம் புகுந்தது என்ற செய்திக்கு, தெரு மட்டத்தில் அடைபட்ட வடிகால் காரணமாகத் தோன்றலாம். நகர மட்டத்தில் தூர்க்கப்பட்ட ஏரியும், ஆற்று வடிநில மட்டத்தில் பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழையும் காரணமாகத் தோன்றலாம். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதும் இயல்பே.

இடத்தை அடையாளம் காணல்

பகுப்பாய்வின் முதற்படி, செய்தி குறிப்பிடும் இடத்தைப் பிழையின்றி அறிந்துகொள்வதாகும். இது தோற்றத்தில் எளிதாயினும் பல சிக்கல்களைக் கொண்டது.

ஒரே பெயர் கொண்ட இடங்கள்: சேலம் என்பது தமிழ்நாட்டின் ஒரு நகரம். ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகருக்கும் அதே ஒலிப்புடைய பெயர் உண்டு. ஐதராபாத் இந்தியாவிலும் பாக்கித்தானிலும் உள்ளது. திரிப்போலி என்னும் நகரம் லிபியாவிலும் லெபனானிலும் உள்ளது. கொங்கோ என்ற பெயரை அடுத்தடுத்துள்ள இரண்டு நாடுகள் கொண்டுள்ளன.

அனுப்பப்பட்ட இடமும் நிகழ்ந்த இடமும்: நாளிதழ்ச் செய்தியின் தொடக்கத்தில் அச்சிடப்படும் ஊர்ப் பெயர், பொதுவாகச் செய்தியாளர் அச்செய்தியை அனுப்பிய ஊரைக் குறிக்கும். நிகழ்வு அங்கே நிகழ்ந்தது என்பது அதன் பொருளன்று. மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் நிகழ்ந்தது மாவட்டத் தலைநகரின் பெயரிலும், சென்றடைய இயலாத போர்க்களத்தில் நிகழ்ந்தது அண்டை நாட்டுத் தலைநகரின் பெயரிலும் வெளியாவது வழக்கம். செய்தியாளர் நிகழ்விடத்தில் இருந்து நேரிற் கண்டாரா என்பதை அறிய இவ்வேறுபாடு உதவுகின்றது.

இடவாகுபெயர்: "புது தில்லி கண்டனம் தெரிவித்தது" என்ற தொடரில் புது தில்லி என்பது இந்திய அரசைக் குறிக்கின்றது. தமிழ் இலக்கணம் இதனை இடவாகுபெயர் என்னும். இத்தகைய பெயர்களை நிலப்படத்தில் குறித்தால் பிழையான முடிவுகளே கிடைக்கும். மேலும், ஓர் அரசின் நிலைப்பாட்டை அந்நாட்டு மக்கள் அனைவரின் நிலைப்பாடாகக் கொள்ளும் தவறுக்கும் இது இடமளிக்கும்.

சர்ச்சைக்குரிய பெயர்கள்: ஈரான் பாரசீக வளைகுடா என்று அழைக்கும் நீர்ப்பரப்பை அரபு நாடுகள் அரேபிய வளைகுடா என்கின்றன. சப்பான் கடலைக் கொரியர்கள் கிழக்குக் கடல் என்பர். தென்சீனக் கடலின் ஒரு பகுதியைப் பிலிப்பீன்சு மேற்குப் பிலிப்பீன்சுக் கடல் என்கின்றது. செய்தி எந்தப் பெயரைத் தெரிந்தெடுக்கின்றது என்பது, அது எந்தக் கரையிலிருந்து கடலைப் பார்க்கின்றது என்பதைக் காட்டுகின்றது.

பெயரின் பொருள்: சில இடப்பெயர்கள் நிலத்தின் பழைய நிலையைத் தாங்கியுள்ளன. தாங்கல், ஏந்தல் என முடியும் ஊர்ப் பெயர்கள் நீர்நிலைகளைக் குறிப்பன. சென்னையின் தியாகராய நகர், 1920களில் மாம்பலம் பகுதியிலிருந்த நீண்ட ஏரியை வற்றச்செய்து உருவாக்கப்பட்ட நிலத்தில் எழுந்தது. 2015 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வெள்ளம் குறித்த செய்திகளைப் படிப்பவர், நகரின் பழைய நிலப்படத்தை அருகில் வைத்துப் படித்தால், நீர் புகுந்த சில இடங்கள் முன்னர் நீருக்கே உரியனவாக இருந்தமையைக் காணலாம்.

எடுத்துக்காட்டு: 2004 ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை

புவியியல் நோக்கில் ஆராய்வதற்கு விரிவான இடமளிக்கும் செய்திகளுள் ஒன்று 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த பேரழிவு ஆகும். இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் சுமாத்திராவின் வட பகுதிக்கு மேற்கே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலைகள் 14 நாடுகளில் ஏறத்தாழ 2,27,000 பேரின் உயிரைப் பறித்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேற்பட்டோர் இறந்தனர். இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

புள்ளியும் கோடும்

நிலநடுக்கச் செய்திகள் மேல்மையத்தை ஒரு புள்ளியாகக் குறிக்கின்றன. பாறை முறியத் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலே புவிப்பரப்பில் உள்ள இடமே மேல்மையம் ஆகும். சிறிய நிலநடுக்கத்துக்கு இப்புள்ளி போதுமானது. ஆனால் 2004 இல் முறிவு, சுமாத்திராவின் கரையோரத்தில் தொடங்கி நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,200 கிமீக்கும் கூடுதலான நீளத்துக்குச் சென்றது. இந்தியப் புவித்தட்டு கிழக்கிலுள்ள தட்டின் அடியில் அமிழும் எல்லை அது. ஆகவே "சுமாத்திராவில் நிலநடுக்கம்" என்ற தலைப்பு ஒரு புள்ளியை மட்டுமே கூறியது. உண்மையில் அது வங்காள விரிகுடாவின் கிழக்கு விளிம்பு நெடுகிலும் நிகழ்ந்த ஒன்றாகும்.

இக்கோடு ஏறத்தாழ வடக்குத் தெற்காக அமைந்திருந்தமையால், அலைகளின் ஆற்றல் பெரும்பாலும் அதற்குச் செங்குத்தாகக் கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே இலங்கையும் தமிழகமும் இருந்தன. கிழக்கே தாய்லாந்து இருந்தது. வடக்கே, தாழ்வான கரையும் அடர்ந்த மக்கட்தொகையும் கொண்ட வங்காளதேசம் பெருமளவு தப்பியது. மேல்மையத்திலிருந்து உள்ள தொலைவை மட்டும் கருதினால் இவ்வேறுபாடு விளங்காது.

தொலைவும் நேரமும்

ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிமீ வேகத்தில் செல்லும். நிக்கோபார் தீவுகளுக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 1,400 கிமீ. எனவே அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை ஒரு பாடசாலை மாணவரும் கணக்கிடலாம். உண்மையிலும் இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் அலைகள் இலங்கையின் கிழக்குக் கரையையும் தமிழகக் கரையையும் அடைந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவின் சோமாலியாவை அவை அடைய ஏழு மணி நேரம் அளவில் ஆனது. அங்கும் உயிரிழப்பு ஏற்பட்டது.

நிலநடுக்கத்தின் அதிர்வை அன்று காலை சென்னையிலும் பலர் உணர்ந்தனர். பசிபிக் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் முதலில் நிலநடுக்கத்தின் அளவை 8.0 என்றும், ஒரு மணி நேரத்துக்குப் பின்னர் 8.5 என்றும் மதிப்பிட்டது. உண்மையான அளவு 9.1க்குக் குறையாதது எனப் பின்னரே தெளிவாயிற்று. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. தகவல் இருந்தது, ஆனால் அத்தகவலைக் கரையோர மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழி இருக்கவில்லை.

செய்தி வராத இடம்

முதல் நாட் செய்திகளில் இலங்கை, இந்தியா, தாய்லாந்து ஆகிய நாடுகளே பெருமளவில் இடம்பெற்றன. மேல்மையத்துக்கு மிக அண்மையில் இருந்த ஆச்சே மாகாணத்திலிருந்து வந்த தகவல் மிகக் குறைவு. உள்நாட்டுப் போராட்டம் காரணமாக வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அங்கே செல்லத் தடை இருந்தது. அலைகளோ சாலைகளையும் தொலைத்தொடர்பையும் துண்டித்துவிட்டன. இறந்தோரில் பெரும்பகுதியினர் இந்தோனேசியாவைச் சேர்ந்தவர்கள் என்பது அடுத்த நாட்களிலேயே உலகுக்குத் தெரியவந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் முதன்மையானது. பாதிப்பு மிகுதியாக எதிர்பார்க்கப்படும் இடத்திலிருந்து செய்தி எதுவும் வராதிருப்பின், அங்கே ஒன்றும் நிகழவில்லை என்று கொள்ளல் ஆகாது. அம்மௌனமே பேரழிவின் அடையாளமாக இருக்கக்கூடும். உதவி, செய்தி வந்த இடங்களை நோக்கியே முதலில் செல்கின்றது என்பதால் இதனை உணர்வது இன்றியமையாதது.

அறிவு காத்த இடங்கள்

மேல்மையத்துக்கு அருகிலுள்ள சிமெலுவே தீவில் ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஏழு பேர் மட்டுமே இறந்ததாகப் பதிவாகியுள்ளது. 1907 ஆம் ஆண்டில் அத்தீவைத் தாக்கிய ஆழிப்பேரலையின் நினைவு, "சுமோங்" என்னும் சொல்லாலும் வாய்மொழிக் கதைகளாலும் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்பட்டிருந்தது. நிலம் வலுவாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த டில்லி சிமித் என்னும் 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துக் குமிழியிட்டதைக் கண்டு, இரண்டு வாரங்களுக்கு முன்னர் புவியியல் வகுப்பில் கற்ற அறிகுறிகளை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தார். அதனால் அக்கடற்கரையில் இருந்த ஏறத்தாழ நூறு பேர் வெளியேற்றப்பட்டுத் தப்பினர்.

2012 உடன் ஒப்பீடு

இப்பேரழிவின் பின்னர், 2007 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் தொடங்கப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கைகள் விரைந்து வெளியிடப்பட்டன. கரையோர மக்கள் வெளியேறினர். ஆனால் பேரலை எதுவும் வரவில்லை. அந்நிலநடுக்கம் தட்டுக்கள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் எல்லையில் அன்றி, அதற்கு மேற்கே தட்டின் உட்பகுதியில் நிகழ்ந்தது. பாறைகள் மேல்கீழாக அன்றிப் பக்கவாட்டிலேயே பெரும்பாலும் நகர்ந்தமையால், கடல்நீர் மேலே தள்ளப்படவில்லை. இரண்டு செய்திகளிலும் "சுமாத்திரா" என்ற பெயரே இருந்தது. அமைவிடத்தின் சிறு வேறுபாடும் நகர்வின் திசையுமே விளைவை வேறாக்கின. எனினும், முன்கூட்டியே இதனை உறுதிப்படுத்த இயலாது என்பதால், எச்சரிக்கையின்படி வெளியேறியது சரியான செயலே ஆகும்.

எடுத்துக்காட்டு: சூயெசு கால்வாய் அடைப்பு, 2021

2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்னும் சரக்குப்பெட்டகக் கப்பல், பலத்த காற்றும் புழுதியும் வீசிய வேளையில் சூயெசு கால்வாயில் குறுக்காகத் திரும்பித் தரைதட்டியது. மார்ச் 29 அன்றே அது விடுவிக்கப்பட்டது. இச்செய்தி நகர்வு என்னும் கருப்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

சூயெசு கால்வாய் ஏறத்தாழ 193 கிமீ நீளமுடையது. உலக வணிகத்தின் ஏறத்தாழ 12 விழுக்காடு அதன் வழியாகச் செல்வதாக அப்போது குறிப்பிடப்பட்டது. 2015 இல் கால்வாயின் ஒரு பகுதிக்கு இணையாக இரண்டாவது தடம் வெட்டப்பட்டிருந்தது. அவ்வாறாயின் ஒரு கப்பல் எப்படி முழுக் கால்வாயையும் அடைத்தது என்ற ஐயம் வாசகருக்கு எழலாம். கப்பல் தரைதட்டியது தெற்குக் கோடிக்கு அருகே, ஒற்றைத் தடம் மட்டுமே உள்ள பகுதியில் ஆகும். 400 மீட்டர் நீளமான அக்கப்பல் அங்கே கால்வாயின் அகலத்தைவிட நீண்டிருந்தது. சில பத்துக் கிலோமீட்டர் வடக்கே இதே விபத்து நிகழ்ந்திருந்தால், செய்தி வேறாக இருந்திருக்கும்.

அக்கப்பலின் உடைமையாளர் சப்பானியர், இயக்கிய நிறுவனம் தைவானைச் சேர்ந்தது, கொடி பனாமாவுடையது, தொழினுட்ப மேலாண்மை செருமன் நிறுவனத்துடையது, மாலுமிகள் இந்தியர். அது மலேசியாவிலிருந்து நெதர்லாந்தின் ரொட்டர்டாமுக்குச் சென்றுகொண்டிருந்தது. "எகிப்தில் நிகழ்ந்த செய்தி" என்று இதனை வகைப்படுத்துவது எவ்வளவு குறைபாடுடையது என்பதை இப்பட்டியல் காட்டும். மண் அகழ்வும் இழுவைப் படகுகளும் அதனை விடுவித்தன என்பதோடு, முழுநிலவை ஒட்டிய உயர்ந்த கடலேற்றமும் உதவியது.

2023 நவம்பரிலிருந்து யேமனின் ஊத்தி இயக்கத்தினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பல நிறுவனங்கள் தமது கப்பல்களை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வழியாகத் திருப்பின. முதல் நிகழ்வு செங்கடல் வழியின் வடக்கு வாயிலிலும், இரண்டாவது தெற்கு வாயிலான பாப் எல் மன்டெப் நீரிணையை ஒட்டியும் நிகழ்ந்தவை. காரணங்கள் முற்றிலும் வேறாயினும், நிலப்படத்தில் இரண்டும் ஒரே வழியின் இரண்டு குறுகிய கழுத்துக்கள் ஆகும்.

எடுத்துக்காட்டு: பாக்கு நீரிணை மீனவர் செய்திகள்

"எல்லை தாண்டி மீன்பிடித்த மீனவர்கள் கைது" என்பது தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி காணப்படும் தலைப்பாகும். தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடல் ஆழம் குறைந்தது. தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிமீ அகலமே உடையது. இரு கரைகளிலும் உள்ள மீனவர்களுட் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் கச்சத்தீவு இலங்கையின் எல்லைக்குள் அமைந்தது. 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லையை வரையறுத்தது.

இச்செய்தியை இருவகையாகப் படிக்கலாம். இராமேசுவரத்திலிருந்து நோக்கினால், பரம்பரையாக மீன்பிடித்த கடலில் கைதாகிப் படகை இழக்கும் மீனவரின் வாழ்வாதாரம் முன்னிற்கின்றது. யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்து நோக்கினால், நீண்ட உள்நாட்டுப் போரின்போது கடலுக்குச் செல்ல இயலாதிருந்து, 2009 இன் பின்னர் மீண்டும் தொழில் தொடங்கிய மீனவரின் வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துச் செல்வது முன்னிற்கின்றது. கடலடியைச் சுரண்டும் இழுவை மடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடை செய்தது. எல்லைக்கோடு, மீன்வளம், தொழில்முறை, வரலாறு ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்காமல் இச்செய்தியை விளங்கிக்கொள்ள இயலாது. மீன்களுக்கு எல்லைக்கோடு இல்லை. மீனவர்களுக்கு உண்டு என்பதே இதன் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

செய்தி நிலப்படங்கள்

செய்திகளுடன் வெளியிடப்படும் நிலப்படங்களும் பகுப்பாய்வுக்கு உரியன. கோள வடிவான புவியைத் தட்டையான தாளில் வரையும்போது வடிவம், பரப்பளவு, தூரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று திரிபடைதல் தவிர்க்க முடியாதது. 2003 இல் பிரித்தானியாவின் "தி எக்கனாமிசுட்டு" இதழ், வட கொரிய ஏவுகணைகள் சென்றடையும் தூரத்தை மெர்க்காட்டர் முறையில் வரைந்த நிலப்படத்தின்மீது எளிய வட்டங்களாகக் காட்டியது. அம்முறையில் துருவங்களை நோக்கிச் செல்லச்செல்லத் தூரங்கள் பெருத்துத் தோன்றுவதால், வட்டங்கள் உண்மையான எல்லையைக் காட்டவில்லை. இதழ் பின்னர் திருத்திய நிலப்படத்தை வெளியிட்டது.

தேர்தல் முடிவுகளை நிறந்தீட்டிக் காட்டும் நிலப்படங்களிலும் இதுபோன்ற மயக்கம் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் பரப்பளவு 83,743 ச.கிமீ, அதற்கு மக்களவையில் 2 இடங்கள் உள்ளன. தில்லியின் பரப்பளவு 1,483 ச.கிமீ, அதற்கு 7 இடங்கள் உள்ளன. நிலப்படத்தில் கண் முதலில் காண்பது நிலத்தையே. வாக்களிப்பவர்களோ மக்கள் ஆவர்.

ஊடகக் கவனத்தின் புவியியல்

எல்லா இடங்களும் செய்தியில் சம அளவில் இடம்பெறுவதில்லை. நோர்வேயைச் சேர்ந்த யோஃகான் கால்ட்டுங், மாரி ஓல்ம்போ ரூகே ஆகியோர் 1965 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கொங்கோ, கியூபா, சைப்பிரசு ஆகிய நாடுகளின் நெருக்கடிகள் நோர்வே நாளிதழ்களில் எவ்வாறு வெளியாயின என்பதை ஆராய்ந்தது. பண்பாட்டு அண்மை, வலிமை மிக்க நாடுகளின் தொடர்பு, எதிர்பாராத் தன்மை, எதிர்மறைத் தன்மை முதலியன ஒரு நிகழ்வு செய்தியாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அது கூறியது.

ஒரு வாரத்துச் செய்தித்தாள்களில் வரும் இடப்பெயர்களை எண்ணி நிலப்படத்தில் குறித்தால், அந்நாளிதழின் உலகம் எத்தகையது என்பது புலப்படும். சில நாடுகள் நாள்தோறும் வரும். வேறு சில, பேரிடர் நிகழும்போது மட்டும் தோன்றி மறையும். இப்பணியைக் கணினி வழியாகச் செய்யும் திட்டங்களும் உள்ளன. இடப்பெயர் அகராதிகளின் துணையுடன் செய்திகளிலுள்ள பெயர்களை அகலாங்கு, நெட்டாங்குகளாக மாற்றுவது இவற்றின் அடிப்படை. ஒரே பெயருடைய இடங்களையும் இடவாகுபெயர்களையும் பிரித்தறிவதில் கணினிகளும் தவறுகின்றன.

படங்களின் இடத்தைச் சரிபார்த்தல்

பேரிடர்க் காலங்களில் பழைய படங்களும் வேறு நாட்டுப் படங்களும் புதியனவாகப் பரப்பப்படுவது உண்டு. பெயர்ப்பலகையின் எழுத்து, வாகனங்கள் செல்லும் பக்கம், மலைகளின் விளிம்பு, தாவரங்கள், நிழலின் திசையும் நீளமும் ஆகியவற்றைக் கொண்டு படம் எடுக்கப்பட்ட இடத்தையும் நேரத்தையும் ஓரளவு கணிக்கலாம். செய்மதிப் படங்கள் பொதுமக்களுக்கு எளிதிற் கிடைப்பதால், இது செய்தியாளர்கள் மட்டுமன்றித் தன்னார்வலர்களும் செய்யக்கூடிய பணியாகியுள்ளது.

கற்பித்தலில் பயன்பாடு

வகுப்பறையில் இப்பயிற்சியைப் பின்வரும் ஒழுங்கில் செய்யலாம்.

1. ஒரு செய்தியைத் தெரிந்தெடுத்து, அதிலுள்ள இடப்பெயர்கள் அனைத்தையும் அடிக்கோடிடல்.
2. நிகழ்ந்த இடம், செய்தி அனுப்பப்பட்ட இடம், இடவாகுபெயர் என அவற்றைப் பிரித்தல்.
3. நிகழ்ந்த இடத்தை நிலப்படத்தில் குறித்து, அருகிலுள்ள ஆறு, மலை, கரை, எல்லை, பாதை ஆகியவற்றை நோக்கல்.
4. இந்நிகழ்வு ஏன் அங்கே நிகழ்ந்தது என்பதற்குச் செய்தி கூறும் காரணங்களையும் கூறாத காரணங்களையும் தனித்தனியே எழுதல்.
5. அடுத்து எந்த இடங்கள் பாதிக்கப்படக்கூடும் என்று கணித்து, சில நாட்களின் பின்னர் வரும் செய்திகளோடு ஒப்பிடல்.
6. வேறொரு நாட்டில் அல்லது மொழியில் வெளியான அதே செய்தியோடு ஒப்பிடல்.
7. செய்தி எந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்று வினவுதல்.

இறுதி வினாவே மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது ஆகும்.

வரையறைகள்

புவியியல் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று கொள்வதும் தவறாகும். 2010 சனவரி 12 அன்று எயிட்டியில் 7.0 அளவுடைய நிலநடுக்கமும், அதே ஆண்டு பெப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவுடைய நிலநடுக்கமும் ஏற்பட்டன. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் பல நூறு மடங்கு பெரிதாயினும், அங்கே இறந்தோர் சில நூற்றுவர். எயிட்டியில் இறந்தோர் தொகை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டதாக மதிப்பிடப்படுகின்றது. எயிட்டியின் நிலநடுக்கம் ஆழம் குறைந்ததாகவும் தலைநகருக்கு மிக அருகிலும் இருந்தது என்பது ஒரு காரணம். ஆனால், சிலியில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டிட விதிகள் நடைமுறையில் இருந்தமையும், எயிட்டியின் வறுமையும் அரசின் வலுவின்மையும் அதனினும் பெரிய காரணங்களாகக் கருதப்படுகின்றன. அழிவு எங்கே நிகழக்கூடும் என்பதை நில அமைப்புப் பெருமளவு தீர்மானிக்கின்றது. அது எவ்வளவு பெரிதாகும் என்பதை, அந்நிலத்தில் மக்கள் எத்தகைய வீடுகளில், எத்தகைய ஆட்சியின்கீழ் வாழ்கின்றனர் என்பதும் தீர்மானிக்கின்றது. செய்தியைப் புவியியல் நோக்கில் படிப்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே காணவேண்டும்.